ஏழையின் காசுக்குக் காவல் யார்?

மத்திய வங்கி கடந்து வந்த பாதையும் எமது கிராமங்களும்

2022 ஆம் ஆண்டின் கடைசிப் பகுதியில், வன்னிக் கிராமம் ஒன்றில் நடைபெற்ற மாதர் சேமிப்புக் குழுவின் கூட்டத்தில் நாம் இருந்தோம். கணக்கு வாசித்து முடிந்ததும் ஒரு தாய் எழுந்து நின்றார். யுத்தத்தில் கணவரை இழந்தவர் அவர். கறவைப் பசு ஒன்று வாங்குவதற்காக, கோழி வளர்த்தும் இடியப்பம் அவித்து விற்றும், ஐந்து ஆண்டுகளாக வங்கிப் புத்தகத்தில் காசு சேர்த்து வந்தவர்.

“சுவாமி, நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தானே காசைப் புத்தகத்தில போட்டனான். நகை வாங்கி வைச்ச பக்கத்து வீட்டுக்காரி தப்பிட்டா. என்ர காசுக்கு இப்ப அரைப் பசுதான் வரும். நான் விட்ட பிழை என்ன?”

கூட்டம் மௌனமாயிற்று. எம்மிடமும் பதில் இருக்கவில்லை. காரணம், அவருக்கு அந்த ஆலோசனையைச் சொன்னவர்கள் நாமே. “நகையில் முடக்காதீர்கள், தெரியாத சீட்டில் போடாதீர்கள், வங்கியில் சேமியுங்கள்” என்று கிராமம் கிராமமாகச் சொல்லி வந்திருக்கிறோம். எமது பெண்கள் அதை இலகுவில் ஏற்றுக்கொள்ளவில்லை. யுத்த காலத்தில் வன்னியில் கிழிந்த நாணயத் தாள்களை ஒட்டி ஒட்டிக் கைமாற்றியவர்கள் அவர்கள். இடம்பெயர்ந்து ஓடிய வேளையில் கழுத்திலும் காதிலும் கிடந்த பொன்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது. அப்படிப்பட்டவர்கள் எமது சொல்லை நம்பிக் காசை வங்கியில் இட்டார்கள். அந்தச் சொல்லை நம்பியவர் இழந்தார், நம்பாதவர் தப்பினார்.

அந்தத் தாயின் புத்தகத்திலிருந்து எவரும் ஒரு சதமும் எடுக்கவில்லை. எழுதியிருந்த தொகை அப்படியே இருந்தது; சிறிது வட்டியும் சேர்ந்திருந்தது. ஆயினும் அவரது உழைப்பில் பாதி காணாமற் போயிற்று. இது எவ்வாறு நிகழ்ந்தது? இதைத் தடுக்க வேண்டியவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், கொழும்புக் கோட்டையில் ஜனாதிபதி மாவத்தையில் இருக்கும் ஒரு கட்டடத்துக்கே போய்ச் சேர்வோம். அதுதான் இலங்கை மத்திய வங்கி.

இரண்டு கையொப்பங்கள்

உங்கள் கையில் உள்ள ஒரு நாணயத் தாளை எடுத்துப் பாருங்கள். மூன்று மொழிகளில் எழுத்துகள் இருக்கும். கூடவே இரண்டு கையொப்பங்கள் இருக்கும். ஒன்று நிதி அமைச்சருடையது. மற்றது மத்திய வங்கி ஆளுநருடையது. ஒருவர் செலவு செய்பவர். மற்றவர் பணத்தின் பெறுமதியைக் காப்பவர். இவ்விருவருக்கும் இடையிலுள்ள உறவே மத்திய வங்கியின் முழு வரலாறும் என்று சொன்னால் அது மிகையாகாது.

உலகின் முதல் மத்திய வங்கிகள் பிறந்த விதமும் இதையே காட்டுகின்றது. சுவீடனில் 1661 இல் ஒரு வங்கி ஐரோப்பாவின் முதலாவது வங்கித் தாள்களை வெளியிட்டது. கையிருப்புக்கு மேலாகத் தாள்களை வெளியிட்டதால் சில ஆண்டுகளில் அது வீழ்ந்தது. அந்த அழிவின் பின்னரே 1668 இல் அந்நாட்டின் மத்திய வங்கி தோன்றியது. இங்கிலாந்து வங்கியோ 1694 இல், பிரான்சுடன் போர் செய்துகொண்டிருந்த அரசருக்குக் கடன் கொடுப்பதற்காகவே தொடங்கப்பட்டது. மக்களின் பணத்தைக் காப்பது, அரசனின் செலவுக்குப் பணம் தேடிக் கொடுப்பது என்ற இரண்டு வேலைகளும் அன்று தொட்டே ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. எமது நாட்டிலும் அப்படியே.

வங்கி விழுந்த நாள்

இலங்கையில் 1872 முதல் ரூபாவும் சதமும் கணக்கு முறையாக இருந்து வருகின்றன. ஆனால் அக்காலத்தில் நாணயத் தாள்களை வெளியிட்டவை தனியார் வங்கிகள். அவற்றுள் முதன்மையானது ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். அது கோப்பித் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாகக் கடன் கொடுத்திருந்தது. 1869 இல் தொடங்கிய இலை நோய் கோப்பிப் பயிரை ஆண்டுக்கு ஆண்டு அழித்தது. தோட்டக்காரர் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போயினர். 1884 மே மாதம் 3 ஆம் திகதி அவ்வங்கி கதவை மூடியது.

அதன் தாள்களைக் கையில் வைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். நேற்று வரை அரிசி வாங்கிய தாள் இன்று வெறுங் கடதாசி. அப்போதைய தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன், அத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று உத்தரவாதம் அளித்தார். அதனால் பீதி தணிந்தது. அதே ஆண்டிலேயே சட்டமியற்றி, தாள் வெளியிடும் அதிகாரத்தை அரசாங்கம் தனக்கெனப் பொறுப்பேற்றது. நாணய ஆணையாளர் சபை பிறந்தது.

இச்சபையின் முறை மிக எளிமையானது. வெளியிடும் ஒவ்வொரு ரூபாவுக்கும் ஈடாக இந்திய ரூபாவோ பாதுகாப்பான பிணையங்களோ கையிருப்பில் இருக்க வேண்டும். இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும் சரிக்குச் சரி. அரசாங்கம் விரும்பியபடி பணம் அடிக்க வழியே இல்லை. இதனால் பணம் உறுதியாக இருந்தது. ஏறத்தாழ அறுபத்தாறு ஆண்டுகள் இம்முறை நிலைத்தது.

உறுதியான பணம் இருந்தது உண்மை. ஆனால் அது யாருக்காக இருந்தது? தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களின் விலை உயர்ந்தால் நாட்டில் பணம் பெருகியது. விலை விழுந்தால் பணம் சுருங்கியது. விலை விழுந்த காலத்தில் தோட்டத் தொழிலாளி வேலை இழந்தார். விவசாயி கடனில் மூழ்கினார். சபை கைகட்டி நின்றது. தலையிட அதற்கு அதிகாரம் இல்லை. பிரித்தானிய வங்கிகள் தோட்டங்களுக்கும் ஏற்றுமதி வணிகத்துக்கும் கடன் கொடுத்தன. உள்ளூரவர் செட்டிமாரிடம் கூடிய வட்டிக்கே கடன் பெற வேண்டியிருந்தது. நெல் விதைப்பவனையும் வலை இழுப்பவனையும் கேட்பார் எவருமில்லை. 1934 ஆம் ஆண்டின் வங்கித்துறை ஆணைக்குழு இந்நிலையை ஆராய்ந்தது. அதன் பயனாக 1939 இல் இலங்கை வங்கி தோன்றியது. ஆனால் நாணயத்தின் கடிவாளம் அப்போதும் எமது கையில் இல்லை.

1950 ஆகஸ்ட் 28

சுதந்திரத்தின் பின்னர் முதலாவது நிதி அமைச்சரான ஜே. ஆர். ஜயவர்தன, மத்திய வங்கி ஒன்றை அமைக்க அமெரிக்காவின் உதவியை நாடினார். அமெரிக்க மத்திய வங்கி அமைப்பிலிருந்து ஜோன் எக்ஸ்டர் என்னும் பொருளியலாளர் அனுப்பப்பட்டார். அவரது அறிக்கை 1949 நவம்பரில் வெளிவந்தது. அதனடிப்படையில் 1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் நிறைவேறியது. 1950 ஆகஸ்ட் 28 ஆம் திகதி மத்திய வங்கி தன் பணியைத் தொடங்கியது. எக்ஸ்டரே முதலாவது ஆளுநர். 1953 இல் என். யூ. ஜயவர்தன இப்பதவிக்கு வந்த முதல் இலங்கையரானார்.

புதிய வங்கிக்குச் சட்டம் பல நோக்கங்களை வகுத்தது. உள்நாட்டில் பணத்தின் பெறுமதியை உறுதியாக வைத்திருப்பது ஒன்று. ரூபாவின் வெளிநாட்டுப் பெறுமதியைப் பேணுவது இன்னொன்று. உற்பத்தியையும் வேலைவாய்ப்பையும் வருமானத்தையும் உயர்த்துவது, நாட்டின் வளங்களை முழுமையாக விருத்தி செய்வது என்பனவும் அவற்றுள் அடங்கின. ஓர் இளம் நாட்டின் நம்பிக்கைகள் யாவும் அச்சட்டத்தில் தெரிகின்றன.

எக்ஸ்டர் ஆபத்தையும் அறியாதவரல்லர். அரசாங்கம் வங்கியிடம் நேரடியாகப் பெறக்கூடிய முற்பணத்துக்குச் சட்டம் எல்லை வைத்தது. ஆண்டின் மதிப்பிடப்பட்ட வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது; ஆறு மாதங்களுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்கதவுக்குப் பூட்டுப் போடப்பட்டது. ஆனால் அரசாங்கம் விற்கும் திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கி வாங்கும் வழி திறந்தே இருந்தது. அந்தப் பின்கதவால் நடந்தவையே பின்னாளில் எமது கிராமங்கள் வரை வந்து சேர்ந்தன.

வங்கி செய்யும் பணிகள்

மத்திய வங்கியில் நீங்களும் நாமும் கணக்குத் திறக்க முடியாது. அது வங்கிகளுக்கு வங்கி, அரசாங்கத்துக்கும் வங்கி. நாணயத் தாள்களையும் குற்றிகளையும் வெளியிடுகின்றது. வட்டி வீதத்தின் திசையைத் தீர்மானிக்கின்றது. நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பை வைத்திருக்கின்றது. வங்கிகளையும் நிதிக் கம்பனிகளையும் மேற்பார்வை செய்கின்றது. நெடுங்காலமாக அரசின் கடன்களை நிர்வகித்ததும் அதுவே. 2024 இல் இயற்றப்பட்ட சட்டம் அப்பணியைத் தனியான ஓர் அலுவலகத்துக்கு மாற்ற வழிசெய்தது.

எமது மக்களுக்கு நெருக்கமான பணிகளும் உண்டு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியின் பணத்தை முதலீடு செய்து பராமரிப்பது மத்திய வங்கியின் பொறுப்பாக இருந்து வந்துள்ளது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில் கொள்வோரிடமிருந்து 12 சதவீதமும் அந்நிதியில் சேர்கின்றன. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முதுமைக்காலச் சோறு அது.

கிராமங்களுக்கு வங்கியைக் கொண்டுவரும் நோக்குடன் 1985 இல் பிராந்திய கிராமிய அபிவிருத்தி வங்கிகள் தொடங்கப்பட்டபோது, அம்முயற்சியில் மத்திய வங்கி முன்னின்றது. அவ்வங்கிகளின் வழிவந்ததே 2010 முதல் இயங்கும் பிரதேச அபிவிருத்தி வங்கி. நெல்லுக்கும் உபஉணவுப் பயிர்களுக்கும் சலுகை வட்டியில் விதைப்புக் கடன் வழங்கும் திட்டங்களும் மத்திய வங்கியினூடாக நடைபெற்றுள்ளன. இவற்றை நன்றியுடன் நினைக்க வேண்டும்.

இக்கட்டடமும் யுத்தத்தின் காயத்தைச் சுமந்தது. 1996 ஜனவரி 31 ஆம் திகதி விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் 90 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அவர்களில் பலர் வங்கியின் சாதாரண ஊழியர்களும் வீதியால் சென்றவர்களும் ஆவர். பார்வையை இழந்தவர்கள் பலர். வடக்கிலும் கிழக்கிலும் குண்டுகளால் மாண்ட எம்மவருக்காக அழுகின்ற நாம், அவர்களுக்காகவும் அழக் கடமைப்பட்டுள்ளோம்.

பணம் எவ்வாறு அடிக்கப்படுகின்றது?

ஒரு குடும்பத்தில் வரவு குறைவு, செலவு கூடுதல் என்றால் கடன் வாங்க வேண்டும். அரசாங்கமும் அவ்வாறே. வரி போதாதபோது திறைசேரி உண்டியல்களையும் முறிகளையும் விற்றுக் கடன் வாங்குகின்றது. வங்கிகளும் நிதியங்களும் தங்களிடம் உள்ள பணத்தைக் கொடுத்து அவற்றை வாங்கினால், இருக்கின்ற பணமே கைமாறுகின்றது. புதிய பணம் பிறப்பதில்லை.

ஆனால் அரசாங்கம் குறைந்த வட்டியே தருவேன் என்கிறபோது எவரும் வாங்க முன்வருவதில்லை. அப்போது மத்திய வங்கி வாங்குகின்றது. அதற்குரிய பணம் எங்கிருந்து வருகின்றது? எங்கிருந்தும் வருவதில்லை. கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணாக அது எழுதப்படுகின்றது. இதையே “பணம் அச்சிடுதல்” என்கிறோம். அச்சு இயந்திரம் ஓடவேண்டிய அவசியம்கூட இல்லை. நாட்டில் நெல் கூடவில்லை, மீன் கூடவில்லை, பால் கூடவில்லை. பணம் மட்டும் கூடுகின்றது. எனவே அதே நெல்லுக்கும் மீனுக்கும் கூடிய விலை. கூடிய பணம் இறக்குமதிப் பொருளையும் தேடி ஓடுவதால் டொலர் கையிருப்பும் கரைகின்றது.

எல்லா ஆட்சியாளரும் பேராசையால்தான் இதைச் செய்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. 1953 இல் அரசாங்கம் அரிசி மானியத்தைக் குறைத்து, ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். செலவைக் குறைத்தால் மக்கள் வீதிக்கு வருவார்கள். வரியைக் கூட்டினால் வாக்கு குறையும். ஆரவாரமின்றிச் செய்யக்கூடியது ஒன்றே: பின்கதவால் பணம் எடுப்பது. கட்சி வேறுபாடின்றி அரசாங்கங்கள் அதைச் செய்து பழகின.

ரூபாவின் கதை அதற்குச் சாட்சி. மத்திய வங்கி தொடங்கிய காலத்தில் ஒரு டொலருக்கு 4 ரூபா 76 சதம். 1977 நவம்பரில் ஏறத்தாழ 16 ரூபா. 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா.

2019 முதல் 2022 வரை

2019 டிசெம்பரில் வரிகள் பெருமளவில் குறைக்கப்பட்டன. பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாயிற்று. அடுத்த சில மாதங்களில் கொவிட் நோய் வந்தது. உல்லாசப் பயணிகள் வருகை நின்றது. அரசின் வருமானம் சரிந்தது. பள்ளத்தை நிரப்ப மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கிக் குவித்தது. 2019 இறுதியில் அதன் கையில் இருந்தவை 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2021 இறுதியில் அத்தொகை ஒரு ட்ரில்லியன் ரூபாவைத் தாண்டியது. ஒரு ட்ரில்லியன் என்பது ஒரு இலட்சம் கோடி.

அதே வேளையில் டொலரின் விலையை ஏறத்தாழ 203 ரூபாவில் பிடித்து வைக்க வங்கி முயன்றது. எமது மக்களுக்கு இதன் விளைவு நன்றாகத் தெரியும். வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பும் காசுக்கு வங்கி ஒரு விலை கொடுத்தது. உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். மக்கள் உண்டியலை நாடினர். 2020 இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஊழியர் பணவனுப்பல், 2021 இல் 5.5 பில்லியனாகக் குறைந்தது. 2021 இல் வந்த இரசாயன உரத்தடை வயல்களை வாட்டியது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பு, எரிபொருள் கப்பலுக்குக் கொடுக்கவும் போதாத நிலைக்கு வந்தது. 2022 மார்ச்சில் ரூபா கைவிடப்பட்டது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது.

வரிசைகளை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மன்னார்க் கரையில் எத்தனையோ வள்ளங்கள் மணலில் கிடந்தன. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருள்களுக்கு 94.9 சதவீதம்.

அந்தத் தாயின் கணக்கை இப்போது பார்ப்போம். 2021 டிசெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 12.1 சதவீதம், 2022 டிசெம்பரில் 57.2 சதவீதம். 2020 டிசெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு இரண்டு ஆண்டுகளின் பின் ஏறத்தாழ 176 ரூபா கொடுக்க வேண்டும். அதாவது, பழைய 100 ரூபாவின் வாங்கும் சக்தி ஏறத்தாழ 57 ரூபாவாகச் சுருங்கிவிட்டது. உணவுக்கும் கால்நடைக்கும் இழப்பு இதைவிடக் கூட. பாராளுமன்றத்தில் விவாதிக்காமல், எவரும் கைதூக்கி வாக்களிக்காமல், ஒரு விதவையின் சேமிப்பில் வாங்கப்பட்ட வரி அது. காணியும் கட்டடமும் டொலரும் வைத்திருந்தவர்களுக்கு இழப்புக் குறைவு. சிலருக்கு இலாபமும் உண்டு. காசாக மட்டுமே வைத்திருந்த ஏழையே முழுவதும் கொடுத்தார்.

ஆமோஸ் இறைவாக்கினர் தம் காலத்து வணிகரைக் கண்டித்தது எமக்கு நினைவுக்கு வருகின்றது. அவர்கள் மரக்காலைச் சிறிதாக்கி, கள்ளத் தராசால் ஏழையை ஏய்த்தார்கள். எமது காலத்தில் மரக்கால் சிறிதாக்கப்படவில்லை. அதை வாங்கும் ரூபாதான் சிறிதாக்கப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991 இல் வெளியிட்ட ‘நூறாவது ஆண்டு’ என்னும் சுற்றுமடலில், உறுதியான நாணயம் ஒன்றை உறுதிப்படுத்துவதும் அரசின் கடமைகளில் சேர்ந்தது என்று போதித்தார். நாணயத்தின் உறுதி பொருளியல் வல்லுநருக்கு மட்டும் உரிய விடயமன்று. அது நீதியைச் சேர்ந்த விடயம்.

மருந்தின் கசப்பு

2022 ஏப்ரல் 8 ஆம் திகதி, புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க பதவியேற்ற கையோடு, மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நோய்க்கு அது மருந்துதான். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை இறங்கவில்லை. இவ்வேறுபாட்டை எமது மக்களுக்கு விளக்க வேண்டும்.

மருந்தின் கசப்பை அருந்தியவர்களும் சிறியவர்களே. கூடிய வட்டியால் சிறு கடைக்காரரும், நுண்கடன் வாங்கிய பெண்களும், தவணைக்கு உழவு இயந்திரம் எடுத்த விவசாயியும் நசுங்கினர். 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளின் திறைசேரி முறிகள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. வங்கிகள் ஏற்கெனவே கூடிய வரி செலுத்துகின்றன என்பது அரசு தந்த விளக்கம். கொழுந்து பறிப்பவரின் பணத்துக்குக் காவலாக இருந்த அதே நிறுவனமே அரசின் கடனையும் நிர்வகித்தது. இரண்டு எசமானுக்கு ஊழியம் செய்வது எளிதன்று.

2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பொன்றை வழங்கியது. அன்றைய ஆட்சித் தலைவர்கள் சிலரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும், பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தால் மக்கள் தம்மீது வைத்த நம்பிக்கையை மீறினர் என்பதே அத்தீர்ப்பு. அந்தத் தாயின் கேள்விக்கு நாட்டின் அதியுயர் மன்றம் தந்த பதில் அது என்று கொள்ளலாம்: பிழை விட்டவர் நீர் அல்லர்.

பின்கதவுக்கு ஒரு பூட்டு

2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தது. உள்நாட்டு விலை உறுதியே வங்கியின் முதன்மை நோக்கம் என்று அது சொல்கின்றது. பணவீக்கத்துக்கு 5 சதவீதம் என ஓர் இலக்கு வகுக்கப்பட்டது. அரசாங்கம் வெளியிடும் உண்டியல்களையும் முறிகளையும் மத்திய வங்கி நேரடியாக வாங்குவதை அச்சட்டம் தடுக்கின்றது. முன்னர் நாணயச் சபையில் அமர்ந்திருந்த திறைசேரிச் செயலாளருக்குப் புதிய ஆளும் சபையில் இடமில்லை. பின்கதவுக்கு இப்போதுதான் பூட்டு விழுந்துள்ளது.

இதை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சட்டம் போட்ட பூட்டைச் சட்டத்தாலேயே திறக்கவும் முடியும். வரி கொடுக்க மனமில்லாத, ஆனால் சலுகை எல்லாம் வேண்டும் என்கின்ற ஒரு சமூகத்தில் எந்தப் பூட்டும் நெடுநாள் நிலைக்காது. இரண்டாவது, சுதந்திரம் என்பது பொறுப்புக் கூறாமை அன்று. 2024 பெப்ரவரியில் மத்திய வங்கி தன் ஊழியருக்கு வழங்கிய பெரும் சம்பள உயர்வு வெளிவந்தபோது நாடே கேள்வி எழுப்பியது. மக்கள் பட்டினி கிடந்த காலத்தில் அது நியாயமான கேள்வி. பழைய நாணய ஆணையாளர் சபையிடமும் உறுதியான பணம் இருந்தது. ஏழையைப் பற்றிய கரிசனைதான் இருக்கவில்லை. அந்நிலைக்கு நாம் திரும்பக் கூடாது. ஒரு விவசாயியின் குரலோ கடற்றொழிலாளியின் குரலோ அம்மேசையை எட்டும் வழி இன்னும் பிறக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

கோட்டையில் நடப்பதற்குக் கிராமத்தில் இருக்கும் எம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். சிலவற்றைச் செய்யலாம்.

முதலாவதாக, தேர்தல் மேடையில் சலுகை அறிவிப்பவரிடம் “இதற்குக் காசு எங்கிருந்து வரும்?” என்று கேட்கப் பழக வேண்டும். வரியா, கடனா, அச்சிட்ட பணமா? இக்கேள்வியை ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கேட்குமானால், பொய்யான வாக்குறுதிகள் குறையும்.

இரண்டாவதாக, எமது ஆலோசனையை நாமே திருத்திக்கொள்ள வேண்டும். “வங்கியில் சேமியுங்கள்” என்று மட்டும் சொன்னது போதாது. வட்டி வீதம் பணவீக்கத்துக்குக் கீழே இருக்கும் காலத்தில், புத்தகத்தில் கிடக்கும் காசு தேய்கின்றது என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவசரத்துக்கு வேண்டியது வங்கியில் இருக்கட்டும். மிகுதியில் ஒரு பங்கு ஆடாக, மாடாக, கிணறாக, தென்னங்கன்றாக, பிள்ளையின் தொழிற்பயிற்சியாக மாறட்டும். சேமிப்புக் குழுக்களின் கூட்டத்தில் மாதந்தோறும் இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதி வைப்போம்: இம்மாதப் பணவீக்கம், வங்கி தரும் வட்டி. எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

மூன்றாவதாக, எமது சுழற்சிக் கடன் நிதிகளின் கணக்கை வெறும் ரூபாவில் பார்க்காமல், “இத்தொகைக்கு இன்று எத்தனை மூடை உரம்? எத்தனை வலை?” என்றும் பார்க்க வேண்டும். எமது நிதியும் 2022 இல் பாதியாயிற்று என்பதை ஒப்புக்கொள்ளாமல் மற்றவர்களுக்குப் போதிக்க முடியாது.

அந்தக் கூட்டத்துக்குத் திரும்புவோம். அன்று பதிலில்லாமல் நின்ற நாம், அடுத்த மாதம் அதே மரநிழலுக்குச் சென்று, இங்கு எழுதியவற்றுள் எமக்கு அப்போது விளங்கியதைப் பேச்சு வழக்கில் சொன்னோம். அதோடு, “எங்களுடைய ஆலோசனையும் அரைகுறையானது, மன்னித்துக் கொள்ளுங்கள்” என்றும் சொன்னோம். குழுவினர் தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். அவரது சேமிப்போடு குழு நிதியிலிருந்து சிறு கடன் சேர்த்து, ஒரு நாம்பன் கன்றும் ஒரு பசுக்கன்றும் வாங்கினார்கள். பசுக்கன்று இப்போது கறவையாகிவிட்டது.

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையை இயேசு உற்றுக் கவனித்தார் என்று நற்செய்தி சொல்கின்றது. பெருந்தொகை போட்டவர்களை அல்ல, அவரையே கவனித்தார். நாணயத் தாளில் கையொப்பமிடும் இருவரும் அந்த இரண்டு காசை நினைத்துக் கையொப்பமிடட்டும். அவர்கள் மறந்தால் நினைவூட்டுவது எமது கடமை.